வெட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் கேளுங்கள்

(மருத்துவக் காப்பீடு பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் நாள் எப்படிப் போகும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு டாக்டர் வந்து, "நல்லா இருக்கீங்க, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிடுகிறது. சாயங்காலம் பில்லிங் கவுன்ட்டரிலிருந்து கூப்பிடுகிறார்கள். "இன்சூரன்ஸ்ல இவ்வளவுதான் அப்ரூவல் வந்திருக்கு. மீதி 37,200 ரூபாய் நீங்க கட்டணும்." ஏன் என்று கேட்டால், "அதைக் கம்பெனிக்காரங்களைத்தான் கேட்கணும்." கம்பெனிக்குப் போன் போட்டால், "ஆஸ்பத்திரி அனுப்பின பில்லு அப்படித்தாங்க இருக்கு." நோயாளி கட்டிலில் காத்திருக்கிறார். வீட்டு ஆள் ஒருவர் நகைக்கடன் வைக்கக் கிளம்புகிறார்.

வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டியவருக்கு அப்போது கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சத்தம் போட்டுப் பயனில்லை. அந்தப் பிடித்தத்தை மாற்றும் அதிகாரம் அவரிடம் கிடையாது. ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான்: வெட்டப்பட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இது யாரிடமும் சலுகை கேட்பது இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையே இதைச் சொல்கிறது. ஒரு க்ளெய்மை மறுத்தாலும், பகுதியாகக் குறைத்தாலும், பாலிசியின் எந்த விதியின்படி என்று குறிப்பிட்டுக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கவும் கூடாது.

அந்த 37,200 எப்படி வந்தது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 லட்ச ரூபாய் பாலிசி. ரூம் வாடகைக்கு ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரம்பு. ஆஸ்பத்திரியில் 4,800 ரூபாய் ரூம் கொடுத்தார்கள். நான்கு நாள் தங்கினோம். "ஒரு நாளைக்கு 1,800 ரூபாய்தானே கூடுதல், நாலு நாளைக்கு 7,200. அதை நாம கட்டிக்கலாம்" என்றுதான் எல்லோரும் நினைப்போம்.

அங்கேதான் கணக்கு மாறுகிறது. 4,800-இல் 3,000 என்பது 62.5 சதவீதம். பல பாலிசிகளில் இந்த விகிதம் ரூம் வாடகையோடு நிற்பதில்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் போன்றவற்றுக்கும் அதே 62.5 சதவீதம்தான் கொடுப்பார்கள். அந்தச் செலவு 80,000 ரூபாய் என்றால் 50,000 வரும், 30,000 வெட்டு. ரூமில் 7,200, இதில் 30,000. மொத்தம் 37,200. இதற்கு விகிதாசாரப் பிடித்தம் என்று பெயர்.

பாலிசியில் எழுதியிருந்தால் இந்த வெட்டு செல்லும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-இல் வகுத்த விதிப்படி, மருந்து, பரிசோதனைகள், உடலுக்குள் பொருத்தும் ஸ்டென்ட் போன்ற கருவிகள் ஆகியவற்றில் இந்த விகிதத்தைப் போடக்கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. எந்த ரூமில் இருந்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றால் அங்கேயும் விகிதப் பிடித்தம் கூடாது. நம் கணக்கில் மருந்துக்கும் டெஸ்டுக்கும் 40,000 ரூபாய் ஆகியிருந்தது என்று வையுங்கள். அதிலும் விகிதத்தைப் போட்டிருந்தால் மேலும் 15,000 ரூபாய் போயிருக்கும். காரணத்தை எழுத்தில் கேட்டால்தான் அந்த 15,000 கண்ணில் படும். "மொத்தமா இவ்வளவு டிடக்‌ஷன்" என்று ஒற்றை வரியில் வந்தால் தெரியவே தெரியாது.

ஆகவே அட்மிஷன் போடும்போதே கேளுங்கள்: "என் பாலிசியில ரூம் வரம்பு 3,000. அதுக்குள்ள ரூம் இருக்கா?" காலியில்லை என்றால், அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு முறையிடும்போது அந்தத் தாள் பேசும்.

பஞ்சும் கையுறையும்

அடுத்த பெரிய தலைவலி, "இதெல்லாம் கவர் ஆகாது" என்று வெட்டும் சில்லறைச் சாமான்கள். உங்கள் பாலிசியின் கடைசிப் பக்கங்களில் நான்கு பட்டியல்கள் இருக்கும். முதல் பட்டியலில் உள்ளவற்றுக்குப் பொதுவாகக் காப்பீடு பணம் தராது: கையுறை, டயபர், தண்ணீர் பாட்டில், கூட இருப்பவர் சாப்பாடு போன்றவை.

மற்ற மூன்று பட்டியல்களைத்தான் நாம் படிப்பதில்லை. அதில் உள்ளவை ரூம் வாடகையிலோ, ஆபரேஷன் கட்டணத்திலோ, சிகிச்சைச் செலவிலோ ஏற்கெனவே அடங்கியவை. ஃபைல் போடும் கட்டணம், விசிட்டர் பாஸ், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம் எல்லாம் ரூம் வாடகைக்குள் வரும். சர்ஜிக்கல் பிளேடு ஆபரேஷன் கட்டணத்துக்குள் வரும். அட்மிஷன் கட்டணம், சிறுநீர்ப் பை போன்றவை சிகிச்சைச் செலவுக்குள் வரும். இவற்றைத் தனித்தனி வரியாகப் போட்டு, காப்பீடு வெட்டியதும் உங்களிடம் வசூலித்தால், "இது எந்தப் பட்டியல்ல இருக்கு?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. பில்லில் "கிட்" என்று மட்டும் எழுதி ஒரு தொகை போட்டிருப்பார்கள். விவரம் இல்லாத கிட் முதல் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பணம் வராது. உள்ளே என்னென்ன இருந்தது என்று பிரித்து எழுதித் தரச் சொன்னால், அதில் ஒரு பகுதிக்காவது பணம் வர வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு சாமானும் தனியாகத் தெரியும் விரிவான பில் வாங்குவது நோயாளியின் உரிமை. கேஸ் ஷீட் உள்ளிட்ட மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி.

மணியைக் குறித்து வையுங்கள்

கேஷ்லெஸ் சிகிச்சைக்கு முதல் அனுமதியை 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதியை 3 மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் தரவேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் கேட்டால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 3 மணி நேரம், டாக்டர் "போகலாம்" என்று சொன்னதிலிருந்து ஓடுவதில்லை. ஆஸ்பத்திரி இறுதி பில்லை அனுப்பி அனுமதி கேட்ட நேரத்திலிருந்துதான் ஓடும். பத்து மணிக்கு டாக்டர் சொல்லி, மூன்று மணிக்குத்தான் பில் போயிருந்தால், அந்த ஐந்து மணி நேரத் தாமதம் ஆஸ்பத்திரியுடையது. அதனால் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் அமைதியாகக் கேளுங்கள்: "எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?" பதிலை உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். யார் மீது புகார் என்பதை அந்த ஒரு கேள்வி முடிவு செய்துவிடும்.

அரசுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்களுக்கு

இதுவரை சொன்னது காசு கொடுத்து வாங்கிய பாலிசிக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கணக்கு வேறு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை. இது கையில் பணம் கட்டாமல் பெறும் சிகிச்சை. எனவே "முதல்ல கட்டிடுங்க, பிறகு பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் உஷாராகுங்கள். அட்டையை அட்மிஷன் நேரத்திலேயே காட்டுங்கள். டிஸ்சார்ஜ் அன்று காட்டுவதற்கில்லை.

ஒரு தனியார் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அங்கே எல்லாச் சிகிச்சையும் திட்டத்தில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். எந்தெந்தப் பிரிவுகளுக்கு அங்கீகாரம் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். போகும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுப் போங்கள். அனுமதி கிடைத்த சிகிச்சைக்குப் பணம் கேட்டாலும் இதே எண்ணில் சொல்லுங்கள். சாலை விபத்து என்றால், இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

புகாரை எங்கே கொடுப்பது?

முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல். பெரிய கடிதம் வேண்டாம். இவ்வளவு போதும்: "எனது க்ளெய்மில் இவ்வளவு ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டுள்ளது. ஒவ்வொரு பிடித்தத்தையும் தனித்தனியாகக் காட்டி, பாலிசியின் எந்த விதிப்படி என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்." க்ளெய்ம் எண்ணைப் போட்டு, பில்லின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.

பதில் சரியில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்தில் புகார் பதியலாம். 155255 அல்லது 1800 4254 732 என்ற எண்ணிலும் பேசலாம்.

அதற்கும் மேல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் உள்ளது. அங்கே நேரில் போகாமல் இணையத்திலேயே மனு தரலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரையிலான விவகாரங்களை விசாரிப்பார். நிறுவனத்திடம் புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ போகலாம். நிறுவனம் கைவிரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போகவேண்டும். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் மட்டும் இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எந்த வாசல் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

குறைதீர்ப்பாளர் விசாரிப்பது காப்பீட்டு நிறுவனத்தை மட்டும்தான். ஆஸ்பத்திரி பில்லே தவறு என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

பலர் என்னிடம் கேட்பது: "பணத்தைக் கட்டிட்டுத்தானே வீட்டுக்கு வந்தோம், இனிமே என்ன கேட்கிறது?" கட்டியதால் உங்கள் கேள்வி செத்துப்போவதில்லை. நோயாளியை வீட்டுக்கு அழைத்து வருவதுதான் அன்றைக்கு முக்கியம். ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள். கணக்கை அடுத்த வாரம் நிதானமாகக் கேட்கலாம்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். இன்று ராத்திரி உங்கள் போனில் பாலிசியைத் திறங்கள். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டாம். அதோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளைப் பாருங்கள். தமிழில் வேண்டும் என்று கேட்டால் நிறுவனம் தரவேண்டும். அதில் மூன்றைத் தேடுங்கள்: ரூம் வாடகை வரம்பு எவ்வளவு? எந்த நோய்க்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? நம் கையிலிருந்து போடவேண்டிய பங்கு உண்டா? மூன்றையும் குறித்து, வீட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். ஏனென்றால் அட்மிஷன் நேரத்தில் கவுன்ட்டரில் நிற்கப் போவது, பாலிசி வாங்கிய நீங்களாக இருக்க மாட்டீர்கள்; உங்கள் மனைவியோ, கணவரோ, பிள்ளையோ நிற்பார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.