கையறு நிலையும் நம் தோழியும்



நம் தோழியைக் கோத்தகிரிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த நாள்முதலாய் இரங்கற்பாக்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. பெரும்பாலானவற்றைப் படித்தேன். பக்தை என்கின்றன, புனிதவதி என்கின்றன, அணையாவிளக்கு என்கின்றன. யாருக்கும் பொருந்துகிற சொற்கள். அவருடைய விசுவாசம் எத்தகையது என்பதை, அவரை அறியாத ஒருவர் இப்பாடல்களிலிருந்து தெரிந்துகொள்ள இயலாது. அது பற்றியே பேச எழுந்தேன்.

தோழி ஒருவரின் விசுவாச வாழ்வை, அவர் மறைந்தபின் ஏமி கார்மைக்கேல் அம்மையார் நூலாக்கினார். 1918இல் வெளிவந்த பொன்னம்மாளின் வரலாறு அது. அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்த ஏமி, மறு ஆண்டு நம் நீலகிரியில்தான் வாக்கர் பாதிரியாரைச் சந்தித்தார். அதன் பயனாகவே திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். நம் சமயங்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் பரிவற்ற பக்கங்கள் உண்டு; அவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. எனினும் தோழியை எழுதும்போது அவர் பேனா வேறாகிவிடுகிறது.

பொன்னம்மாள் இளமையிலேயே கணவனை இழந்தவர். ஊரூராய்ச் சென்று நற்செய்தி கூறிய பெண்கள் குழுவில் ஏமியோடு நடந்தவர். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த குழந்தைகளுக்கென டோனாவூரில் இல்லம் உருவான பின், கைக்குழந்தைகளுக்காக மருத்துவமனை இருந்த நெய்யூரில் தனி இல்லம் ஒன்று திறந்தார்கள். அதைப் பொன்னம்மாள் ஏற்றார். தாய்ப்பால் கிடைக்காத சிசுக்கள். பால் கலக்கும் அளவு பிசகினால் உயிர் போகும். இரவும் பகலும் அதுவே அவர் ஊழியம். 1913இல் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. 1915 ஆகஸ்டில் மறைந்தார். அவருடைய பக்தியைத் தேடுகிறவன் அந்தப் பால் புட்டிகளுக்கிடையேதான் தேடவேண்டும்.

இது நமக்குப் புதிதன்று. அதியமானை இழந்த ஔவை எதைச் சொல்லி அழுதார்? சிறிதளவு கள்ளையும் பெரிதளவு கள்ளையும் அவன் எவ்விதம் பங்கிட்டான் என்பதைச் சொல்லித்தான். வள்ளல் என்ற பட்டத்தோடு நின்றிருந்தால் அப்பாட்டு புறநானூற்றில் ஓர் எண்ணாக மட்டுமே இருந்திருக்கும்.

நம் தோழி இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறிய இலட்சக்கணக்கானோரில் ஒருவர். இங்கே தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தார். அந்த இடத்தைப் ‘பிள்ளைக் காம்பரா’ என்றே கடைசிவரை சொன்னார். கடல்கடந்து அவர் கொண்டுவந்த சொத்துகளுள் அச்சொல்லும் ஒன்று. கொழுந்து நிறுத்துவிட்டுக் கடைசித் தாய் வரும்வரை வாசற்படியை விட்டு எழமாட்டார். ஆடி மாதச் சாரலில் அது ஏழு மணியும் ஆகும். இரவில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி ஜெபிப்பார். முருகேசன், மாரியாயி, பாத்திமா என்று அப்பெயர்கள் போகும். பிற மதத்துப் பிள்ளைகளுக்கு ஏன் என்று ஒருமுறை நம்மவர் ஒருவர் கேட்டார். “பாலுக்கு அழுகிற பிள்ளையிடம் ஞானஸ்நானச் சீட்டா கேட்கிறது, ஐயா?” என்றார். கேட்டவர் இன்று இந்த அவையில் இருக்கிறார். அவர்கூடத் தம் பாட்டில் இதை எழுதவில்லை.

சங்கப் பாடல் வாசிப்பு நடக்கும் ஞாயிறுகளில் ஆராதனை முடிந்து வேதாகமத்தோடு நேரே இங்கு வருவார். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்குவதும் அவர்தான். சென்ற கூட்டத்தில் நாற்காலிகள் மறுநாள்வரை அப்படியே கிடந்தனவாம்.

டோனாவூரில் ஏமியின் கல்லறைமேல் நடுகல் இல்லை. அவர் விரும்பியபடியே வைக்கவில்லை. பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியும், அதில் ‘அம்மாய்’ என்ற சொல்லும் மட்டும் உண்டு.

பத்தாம் ஆண்டு மலரில் தோழிக்கென நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருப்பதாகச் செயலாளர் கூறினார். பாடல் தந்தவர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர் செய்த ஒரு செயலையேனும் சேர்த்துத் தருமாறு வேண்டுகிறேன். அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள்கள் இருக்கின்றன.