திரையில் தெரியாத தோல்நிலம்

(ஆம்பூரில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் புலவர் ஒருவர் ஆற்றிய உரை)



திரைப்படம் பற்றியும் தொலைக்காட்சித் தொடர் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். யான் திரைக்கலை ஆய்ந்தவன் அல்லன். ஆண்டுக்கு ஒன்றிரண்டு படம் பார்ப்பவன். வீட்டார் பார்க்கும் தொடரை, விடைத்தாள் திருத்தியவாறே ஒரு கண்ணால் பார்ப்பவன். ஆகவே ஈண்டு யான் கூறுவது திறனாய்வு அன்று. பார்த்தவன் ஒருவன் தன் உள்ளத்தில் பட்டதை மறையாது உரைப்பதே.

பள்ளி மாணவனாய் இருந்த காலத்தே, கீற்றுக் கொட்டகையில் மணல்மேல் அமர்ந்து 'பராசக்தி' பார்த்தேன். 1952-இல் வெளிவந்த அப்படத்தை மீண்டும் திரையிட்டிருந்தனர். அதனை ஆக்கியவர்களுள் ஒருவர் நம் வேலூர்ப் பெருமாள் என்பது நம் இளைஞர் பலர்க்குத் தெரியாது. நடிகர் கணேசனை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, மாற்றேன் என்று உறுதியாய் நின்றவர் அவர். அந்நன்றியை மறவாது, பொங்கல்தோறும் கணேசன் வேலூர் வந்து அவரைக் கண்டு சிறப்புச் செய்தார் என்பது நாடறிந்த செய்தி. அவ் வழக்குமன்ற உரையை யான் நெட்டுருச் செய்து, வீட்டு ஆட்டுக்குட்டியின் முன் முழங்கியதும் உண்டு!

இன்று நடுநிலையோடு எண்ணிப் பார்க்கிறேன். அப்படத்தின் பெயரே வடசொல். உரையாடலிலும் வடசொல் குறைவில்லை. 1931-இல் வந்த முதற் பேசும்படமாம் 'காளிதாசு' தமிழும் தெலுங்கும் கலந்தே பேசிற்று. கலப்போடுதான் நம் திரை பிறந்தது. ஆயினும் 'பராசக்தி' என் நெஞ்சில் தங்கியது ஏன்? ஏழை ஒருவன் அதிகாரத்தின் முன் தலைநிமிர்ந்து, தமிழில் வினாத் தொடுத்தான். அத்துணிவே என்னைப் பிணித்தது.

பின்பு, 2006-இல் தமிழ்ப்பெயர் சூட்டிய படங்கட்குக் கேளிக்கைவரி இல்லை என்று தமிழக அரசு அறிவித்தது. யான் மகிழ்ந்து இனிப்பு வழங்கினேன். என்ன நிகழ்ந்தது? 'எம்டன் மகன்' என்றிருந்த படம் 'எம் மகன்' ஆயிற்று. வேறொரு படப்பெயரில் கிரந்த எழுத்து அகன்று 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'எந்திரன்' என்று 2010-இல் நல்ல பெயரோடு ஒரு பெரும்படம் வந்தது. அரங்கினுள் சென்று அமர்ந்தால், பெயர்தான் தமிழ். பேச்சு பழைய பேச்சே! பெயர்ப்பலகை மாறியது, கடைச்சரக்கு மாறவில்லை. 2017-இல் சரக்கு சேவைவரி வந்தது. பழைய வரிமுறை போயிற்று. 'மாசுட்டர்' (2021), 'செயிலர்' (2023) என ஆங்கிலப் பெயர்கள் அச்சமின்றி உலா வந்தன. வரிக்காக வந்த தமிழ், வரியோடு போயிற்று. அன்பால் வாராத மொழி நில்லாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனித் தொலைக்காட்சி. 1987-88-இல் ஞாயிறு காலைதோறும் தூர்தர்சனில் இந்தி இராமாயணம் ஓடியது. பெட்டி உள்ள வீட்டுத் திண்ணையில் தெருவே கூடிற்று. ஒரு சொல்லும் விளங்காமல் என் பாட்டி கைகூப்பி அமர்ந்திருந்தாள். அதுகண்டு அன்று எனக்குச் சினம் மூண்டது. 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தபின், தமிழிலேயே தொடர்கள் பெருகின. 2002 முதல் 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி'யில், ஐந்து பெண்மக்களைப் பெற்ற தந்தையின் துயர்கண்டு, விடைத்தாள்மேல் என் கண்ணீர் விழுந்தது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு நாணம் இல்லை. 2006-இல் தொடங்கிய மக்கள் தொலைக்காட்சி, நல்ல தமிழிலும் ஒளிபரப்பு நடக்கும் என்று காட்டிற்று. மேடைதோறும் யான் அதைப் புகழ்ந்தேன். ஆனால், இரவு எட்டு மணிக்கு என் வீட்டில் ஓடியது தொடர்தான்!

சென்ற ஆண்டு, ஒருநாள் தொடரில் வரும் ஆங்கிலச் சொற்களை ஏட்டில் குறிக்கத் தொடங்கினேன். அறுபதைத் தாண்டியதும் எழுதுகோலை மூடிவிட்டேன். குற்றம் கண்டுபிடித்துவிட்ட நிறைவு எனக்கு. அந்நிறைவைக் கலைத்தவள் ஒரு சிறுமி.

ஒன்பதாம் வகுப்பில் 'என் தாயின் ஒருநாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். அவள் எழுதிய தாய், படிக்கட்டு வளைந்திறங்கும் பெருமனையில் பட்டுடுத்தி வாழ்கிறாள். மாமியாரின் சூழ்ச்சியை வெல்கிறாள். அச்சிறுமியின் தாயை யான் அறிவேன். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு, தொழிலகப் பேருந்தேறிச் சென்று, நாள்முழுதும் காலணியின் மேற்பகுதி தைப்பவர். "உன் அம்மாவைப்பற்றி ஏனம்மா எழுதவில்லை?" என்றேன். "எங்கள் அம்மா வேலையில் எழுத என்ன இருக்கிறது, ஐயா?" என்றாள்.

அன்பர்களே! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அறுபது ஆங்கிலச் சொல்லை எண்ணியவன், இந்த ஒரு தமிழ்த்தொடரின் கொடுமையை எண்ணாமல் போனேனே! தன் தாயின் உழைப்பு எழுதத் தகாதது என்று அவளுக்குக் கற்பித்தது யார்? நாள்தோறும் பெருமனைகளையே காட்டும் பெட்டியா? ஐந்திணையை முப்பதாண்டு நடத்தியும், பாலாற்றங்கரை வாழ்வை வகுப்பில் ஒருநாளும் கேளாத யானுமா? இருவருமே.

பின்னர் அத்தாய் பள்ளிக்கு வந்தபோது, தொழில் பற்றி வினவினேன். தம் தந்தை தோல் பதனிட்ட கதையும் சொன்னார். ஊறவைத்தல், சுண்ணாம்புக் குழியில் இடுதல், மயிர் களைதல், சவ்வு சீவுதல், ஆவாரம்பட்டை, கடுக்காய், ஓரம் மடித்தல், பிசிறு நறுக்குதல்! இடையிடையே உருதும் ஆங்கிலமும் வந்தன. ஆனால் அடிப்படை முழுதும் வாழும் தமிழ். என் அகரமுதலியில் தேடியும் காணாத பொருள் நுட்பங்கள் அவர் நாவில் இருந்தன.

காஞ்சி நெசவாளர்க்கு ஒரு படம் கிடைத்தது. மகளின் மணத்திற்குப் பட்டுச்சேலை நெய்யத் துடிக்கும் ஒருவன் கதை. 2007-ஆம் ஆண்டிற்கான இந்திய அரசின் சிறந்த திரைப்பட விருதும் பெற்றது. பெயரை மட்டும் 'காஞ்சிவரம்' என்று வெள்ளையன் வாய்ப்படச் சிதைத்தனர். எனினும் அவ்வுழைப்பைக் கண்டனர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை வாழ்வை முழுமையாய்ச் சொன்ன படம் ஒன்றையும் யான் இன்றுவரை கண்டிலேன். கதைக்கா பஞ்சம்? பாலாற்றைக் கெடுத்த கழிவு பற்றி வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்சமன்றம் தீர்ப்பளித்தது. 2015 தைத்திங்களில் இராணிப்பேட்டையில் கழிவுத்தேக்கச் சுவர் இடிந்து, உழைப்பாளர் பதின்மர் மாண்டனர். இவற்றை எத்தொடர் பேசிற்று?

தூய தமிழ் வேண்டும். அதில் எள்ளளவும் பின்வாங்கேன். ஆனால், சொல்லைக் கழுவிவிட்டு வாழ்வைக் கைவிட்டால், கையில் எஞ்சுவது வெறுங்கலம். எனவே ஒன்று வேண்டுகிறேன். உங்கள் வீட்டில் தோல்தொழில் செய்தோர், செய்வோர் வாய்ச்சொற்களை எழுதி வையுங்கள். நாளை நம் பிள்ளைகளுள் ஒருவன் படக்கருவி எடுக்கும்போது, அவன் கையில் அவ்வேடு இருக்கட்டும்.

அச்சிறுமி கட்டுரையை மீண்டும் எழுதித் தந்தாள். முதல் வரியில் தொழிலகப் பேருந்து வந்து நின்றது. அக்கட்டுரைக்கு யான் முழுமதிப்பெண் இட்டேன்.

வாழ்க உழைப்பு! வெல்க தமிழ்!