பலகையிலே ஒரு காடு



மனிதன் காட்டை வெட்டி ஊராக்கிய பின்னரும் காட்டை மறந்துவிடவில்லை. அதனைச் சில கோடுகளாகவும் குழிகளாகவும் சுருக்கித் தன் வீட்டுத் திண்ணையிலே வைத்துக்கொண்டான். புலி பாய்வதும், மந்தை ஒன்றுகூடித் தன்னைக் காத்துக்கொள்வதும், விதை விழுந்து பெருகுவதும் அவனுடைய ஓய்வு நேர ஆட்டங்களாயின. இன்று பறவை, மரம், விலங்கு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட பலகை விளையாட்டுக்கள் அழகிய பெட்டிகளிலே உலகெங்கும் விற்பனையாகின்றன. இவற்றுள் எதனை, ஆடிப் பழகாத ஒருவருக்கு முதன்முதலிற் கொடுப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

இது சிறு பிள்ளைகளுக்குரிய சிறு வினாவாகத் தோன்றலாம். ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளை நினைத்துப் பார்த்தால் வினாவின் கனம் விளங்கும். வெளிநாட்டிலே பிறந்த பேரப்பிள்ளை நல்லூர்த் திருவிழாக் காலத்து விடுமுறைக்கு வருகின்றது. பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவ்விருவரையும் ஒரே பாயிலே எதிரெதிராக இருத்தி, ஒரு மணி நேரம் சிரிக்க வைக்கவல்ல பொருள்கள் உலகிலே அதிகமில்லை. நல்ல ஆட்டம் அவற்றுள் ஒன்று. பொருந்தாத ஆட்டத்தைக் கொடுத்தால், விதிகளை விளங்கப்படுத்துவதிலேயே பொழுது கழியும். பிள்ளை கைத்தொலைபேசிக்கும் அம்மம்மா அடுப்படிக்கும் திரும்பிவிடுவர். அடுத்த விடுமுறை எத்தனை ஆண்டு கழித்து வருமோ, யார் அறிவார்!

ஆகவே தேர்வுக்குச் சில அளவுகோல்கள் வேண்டும். முதலாவது, இயற்கை ஆட்டத்தின் படத்திலே இருக்கின்றதா, நடப்பிலே இருக்கின்றதா என்பது. பரமபதத்திலே பாம்பு இருக்கின்றது. ஆனால் அந்தப் பாம்பு பாம்பைப்போல நடப்பதில்லை. மேலே ஏறியவனைக் கீழே இறக்கும் வழுக்குப் பாதையாகவே அது அமைந்துள்ளது. எண்ணப் பழகும் மிகச் சிறு குழந்தைக்கு அது ஏற்றது. எனினும் அங்கே ஆடுபவர் எண்ணித் தீர்மானிக்க வேண்டியது எதுவுமில்லை; விழுகின்ற எண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. இயற்கையைப் பற்றியும் அது ஒன்றும் கற்பிப்பதில்லை.

இதற்கு மாறானது, யாழ்ப்பாணத்திலே ‘நாயும் புலியும்’ என வழங்கும் ஆட்டம். தமிழ்நாட்டிலே இதன் உறவான ஆட்டத்துக்கு ‘ஆடுபுலி ஆட்டம்’ என்று பெயர். அங்கே புலிகள் 3, ஆடுகள் 15, கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. ஆடுகள் ஒவ்வொன்றாக வைக்கப்படும். எல்லா ஆடுகளும் பலகைக்கு வந்த பின்னரே அவை நகரலாம். புலியோ பக்கத்திலுள்ள ஆட்டின்மேலாகப் பாய்ந்து, அதற்கு அப்பாலுள்ள இடம் வெறுமையாக இருந்தால், அதனை வெட்டும். தனித்து நிற்கும் ஆடு இரையாகும். பின்னால் துணை நிற்கும் ஆடு பிழைக்கும். புலிகள் நகர முடியாமல் முடக்கப்பட்டால் மந்தைக்கு வெற்றி. வலியவன் ஒருவனை எளியவர் பலர் சேர்ந்து தடுக்கும் முறையை, ஒரு சொற்பொழிவுமின்றி, பத்து நிமிடத்திலே இவ்வாட்டம் உணர்த்திவிடுகின்றது.

இலங்கைக் காடுகளிலே வரிப்புலி இல்லை. இங்கே வாழ்வது சிறுத்தையே. சிங்கள மக்கள் இவ்வகை ஆட்டத்தைச் சிறுத்தையின் பெயராலேயே ‘திவியன் கெலிய’ என அழைத்தனர். நீர்ப்பாசன அதிகாரியாக இருந்த ஹென்றி பார்க்கர் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலிலே, இத்தீவின் பலகை ஆட்டங்களையும் விரிவாக எழுதியுள்ளார். நேபாளத்திலோ இதே குடும்பத்து ‘பாக்சால்’ 4 புலிகளாலும் 20 ஆடுகளாலும் ஆடப்படுகின்றது. இரு பக்கத்தாரும் பிழையின்றி ஆடினால் அது வெற்றி தோல்வியின்றி முடியும் என்று கணினி கொண்டு ஆராய்ந்தோர் கண்டனர். பிழையின்றி ஆடுவது மனிதருக்கு அரிதாகையால் ஆட்டத்தின் சுவை குறைவதில்லை. மந்தையை நடத்தப் பொறுமை வேண்டும். ஒரு தவறு ஓர் உயிரைக் கொண்டுபோகும். எனவே புதியவருக்கு முதலிலே புலியைக் கொடுத்து, அடுத்த ஆட்டத்திலே பக்கம் மாற்றுவதே முறை.

இரண்டாவது அளவுகோல், தொடங்குமுன் கேட்க வேண்டிய விதிகளின் தொகை. ஐந்து நிமிடத்துக்குள் முதற் காயை நகர்த்த முடியாத ஆட்டம் புதியவருக்கு உகந்ததன்று. பல்லாங்குழி இவ்வகையிலே சிறந்தது. 14 குழிகள்; ஒரு குழியிலுள்ள காய்களை அள்ளி, விதைப்பதுபோல ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வதே ஆட்டம். பரவலாக ஆடப்படும் முறையிலே, குழியொன்றில் 4 காய்கள் சேர்ந்தால் அதற்குப் ‘பசு’ என்று பெயர். குழிக்குரியவர் அதனை எடுத்துக்கொள்வார். விதைத்தலும் பசு வளர்த்தலும் எவ்வளவு இயல்பாக ஆட்டத்தின் சொற்களாகிவிட்டன பாருங்கள்! காய்களுக்குப் புளியங்கொட்டையோ சோகியோ போதும். சிங்களப் புத்தாண்டுக் காலத்து ‘ஒலிந்த கெலிய’ குன்றிமணியின் பெயரையே பெற்றுள்ளது. ஆயினும் குன்றிமணியின் ஓட்டுக்குள் கொடிய நஞ்சு உண்டு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிலே புளியங்கொட்டையே பாதுகாப்பானது.

மூன்றாவது அளவுகோல் மொழி. காய்களிலும் சீட்டுக்களிலும் வாசிக்க வேண்டியது எவ்வளவு? அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஆடும் ஆட்டத்திலே இதுவே தலையாயது. இக்கால மேனாட்டு ஆட்டங்களைத் தெரிவோர் இதனை மறத்தலாகாது.

அத்தகைய ஆட்டங்களுள் மூன்றை இங்கே எடுத்துக்கொள்ளலாம். எலிசபெத் ஹார்கிரேவ் என்ற அம்மையார் அமைத்த ‘விங்ஸ்பான்’ 2019இலே வெளிவந்தது. அதிலே 170 பறவைச் சீட்டுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பறவையின் படமும், அதன் உணவும், கூட்டின் வகையும் உண்மைக்கு ஒத்தவாறு தரப்பட்டுள்ளன. மிக அழகியதாயினும், ஒவ்வொரு சீட்டையும் வாசித்து விளங்க வேண்டும். ஜேர்மனியின் புகழ்பெற்ற விளையாட்டுப் பரிசுக் குழுவினர் அதே ஆண்டிலே அதற்குப் பரிசளித்தபோது, பழகியவர்களுக்குரிய பிரிவிலேயே அளித்தனர். இதுவே புதியவருக்குப் போதிய எச்சரிக்கை.

‘கஸ்கேடியா’ 2022ஆம் ஆண்டிலே அதே குழுவினரின் பொதுப் பரிசைப் பெற்றது. ஒவ்வொரு முறையும் ஒரு நிலத்துண்டையும் ஒரு விலங்குக் காயையும் எடுத்து, தம் முன்னே பொருத்தி வைக்க வேண்டும். ஒருவருக்கு 20 முறை. அத்துடன் ஆட்டம் முடிவடையும். கரடி, பருந்து, நரி என ஒவ்வொன்றும் தனக்கேற்ற அயலையே நாடும். வாசிப்பு மிகக் குறைவு. எவரும் இடையிலே வெளியேற்றப்படுவதுமில்லை. இது புதியவருக்கு முதலிலே கொடுக்கத் தக்கது. 2017இலே வெளிவந்த ‘போட்டோசிந்தசிஸ்’ மரங்களின் ஆட்டம். சூரியன் பலகையைச் சுற்றி வர, உயர்ந்த மரத்தின் நிழல் சிறிய மரத்துக்கு ஒளியை மறைக்கின்றது. பனங்கூடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று விளங்கும். ஆனால் தன் கன்று பிறர் நிழலிலே தவிப்பதைப் பொறுக்காத பிள்ளைக்கு இதனைச் சற்றுப் பின்னரே கொடுக்க வேண்டும்.

இவ்வகைப் பெட்டிகள் விலை மிக்கவை. விலைக்கேற்ற பயன் வேண்டுமாயின், வாங்குமுன் வரிசையை வகுத்துக்கொள்வது நன்று. முதலிலே வெண்கட்டியால் சீமெந்துத் தரையிலே கீறிய நாயும் புலியும், அதன்பின் பல்லாங்குழி, இவை இரண்டிலும் விருப்பம் தோன்றிய பின்னர் கஸ்கேடியா போன்றது, கடைசியாகவே விங்ஸ்பான் போன்றது. முதலிரண்டுக்கும் செலவு ஒன்றுமில்லை. மேலும், அவற்றை அம்மம்மாவே கற்பிப்பார். கற்பிக்கும் உரிமை முதியவரிடமும், கற்கும் ஆவல் இளையவரிடமும் இருக்கும் ஆட்டம், கடையிலே வாங்கக் கிடைப்பதில்லை.

இன்னுமொன்று. விங்ஸ்பானின் முதற் பெட்டியிலுள்ள பறவைகள் வட அமெரிக்கப் பறவைகள். யாழ்ப்பாணத்துச் சிறுவன் அவற்றை அறிவதிலே தவறில்லை. ஆனால் 1938இலே பறவைகள் சரணாலயமாகவும் 2015இலே தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் அவனுக்கு அருகிலேயே இருக்கின்றது. அங்கே வந்து மேயும் பூநாரையை அவன் அறியாதிருத்தல் தவறு. பாடசாலை மாணவர்கள் கடதாசி மட்டையை வெட்டி, பூநாரை, மீன்கொத்தி, செண்பகம், கொக்கு எனப் படம் வரைந்து, எது எங்கே கூடு கட்டும், எதை உண்ணும் என்று தமிழிலே குறித்துச் சீட்டுக்கள் செய்யலாம். குறிப்பதற்கு முன் அவர்கள் வெளியே சென்று பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தது போதாவிடின் முதியவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

நல்ல ஆட்டத்தின் அடையாளமும் அதுவே. பலகையை மடித்து வைத்த பின்னர், ஆடியவர் வெளியே போய் மரத்தை அண்ணாந்து பார்ப்பாராயின், தேர்வு சரியானது. புதிய ஆட்டக்காரருக்கு ஆட்டம் தெரிவோர், பெட்டியின் பளபளப்பைப் பாராது, யார் யார் ஒன்றாக அமர்ந்து ஆடப்போகின்றனர் என்பதை முதலிலே எண்ணிப் பார்ப்பார்களாக.