அம்மா வாங்கின கருப்புக் கல்

இந்த வாரம் எங்க வீட்டுக் கதை.

போன பொங்கலுக்குப் புதுக்கோட்டை போயிருந்தேன். அம்மா ஒரு வெள்ளி மோதிரத்தை நீட்டினாங்க. கருப்பு ஓனிக்ஸ். எனக்கு ஏழரைச் சனியாம். விலை ஏழாயிரம். “சாயம் போடாத கல்லுடா. அசிட்டோன்ல துடைச்சுக் காட்டுனாங்க, பஞ்சுல ஒட்டவே இல்ல.”

எனக்கு நகை பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு டெஸ்ட் பாஸ்னு சொன்னா, அது எதைச் சோதிக்குதுன்னு கேக்குறதுதான் என் பொழப்பு. உக்காந்து படிச்சேன்.

ஓனிக்ஸ் குவார்ட்ஸ் குடும்பம், சால்சிடனி வகை. முழுக்க ஒரே கருப்பா இயற்கையில கிடைக்கிறது அபூர்வம். கடையில இருக்குறது பெரும்பாலும் சாம்பல் நிற அகேட். அதைச் சர்க்கரைக் கரைசல்ல நாள்கணக்கா ஊறவைப்பாங்க, அப்புறம் அடர் கந்தக அமிலத்துல போடுவாங்க. அமிலம் சர்க்கரையில இருக்குற தண்ணியை உறிஞ்சிடும், மிச்சம் வெறும் கரி. ஸ்கூல் லேப்ல சர்க்கரை கருப்பாப் பொங்கி வருமே, அதேதான், இங்க கல்லோட நுண்துளைக்குள்ள நடக்குது. ஜெர்மனியில இடார்-ஓபர்ஸ்டைன்ங்கிற ஊர்ல 19ஆம் நூற்றாண்டுல இருந்தே இந்த வேலை நடக்குது. கரி அசிட்டோன்ல கரையாது. அந்தப் பஞ்சு டெஸ்ட்ல மாட்டுறது மலிவான சாயம் மட்டும்தான்.

வீட்டுல நம்மால கண்டுபிடிக்க முடியுறது கண்ணாடியைத்தான். பத்து மடங்கு லென்ஸ்ல பார்த்தா உள்ள குமிழி தெரியலாம். கன்னத்துல வெச்சா கல்லு கண்ணாடியைவிட ஜில்லுனு இருக்கும். கடினத்தன்மை கல்லுக்கு 6.5 முதல் 7, கண்ணாடிக்கு 5.5 பக்கம். (கீறிப் பார்க்காதீங்க, மோதிரம் போயிடும்.) அம்மா வாங்கினதுல குமிழி இல்ல, ஜில்லுனுதான் இருந்துச்சு.

ஊருக்குப் பக்கத்துலயே பொற்பனைக்கோட்டை. 2023ல தொல்லியல் துறை தோண்டினப்போ சூதுபவள மணி ஒண்ணு கிடைச்சுது. அதுவும் சால்சிடனிதான். குஜராத்துல அந்தக் கல்லைச் சுட்டுச் சிவப்பேத்துறது ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கம். அதனால கல்லுல கை வெச்சதைப் போலின்னு நான் சொல்ல மாட்டேன். சாயமே போடலன்னு சொல்லி விலை ஏத்துறதுதான் பிரச்சனை.

கடைக்குப் போனேன். “சாயம் போடாததுன்னு பில்லுல எழுதிக் கொடுங்கண்ணே.” சிரிச்சாரு. எழுதல. ரொம்ப நேரம் பேசி நாலாயிரம் திரும்ப வாங்கினேன். நீங்க காசு கொடுக்குறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுருங்க.

அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.

“கல்லு கல்லுதானே?”

“ஆமாம்மா.”

“அப்ப போட்டுக்க.”

இப்ப ரெக்கார்ட் பண்றப்பவும் விரல்லதான் இருக்கு. மைக்ல டொக்குனு சத்தம் கேட்டா அதுதான்.