விதைப்பது நம் கை. முளைக்கச் செய்பவன் அல்லாஹ்

புகழ் அனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஒரு சாண் நிலமும் இல்லாத வீடுகளில்கூட, மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கீரையும் கொத்தமல்லியும் விதைக்கும் ஆர்வம் இன்று பெருகியிருக்கின்றது. வரவேற்கத்தக்க செயல் இது. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்தும் விதைத்ததிலிருந்தும் மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக அமையும் என்ற கருத்துள்ள நபிமொழி, புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அந்த நன்மைக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஆனால், முதல் தொட்டியில் விதை முளைக்கவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன பேச்சு எழுகின்றது? "அவளுக்குக் கைராசி இல்லை" என்று வீட்டுக்கு வந்த மருமகளைச் சொல்லிவிடுகின்றோம். சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, ஒரு பெண்ணின் கையில் ராசியைத் தேடுவது எப்படித் தகும்? அவள் மனம் புண்படுவதற்கு நாளை யார் பதில் சொல்வது?

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட, 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுத் தர வேண்டும் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் ஒன்று. தோழர்கள் தத்தம் சக்திக்கேற்பக் கன்றுகளைக் கொடுத்துதவினர். முதலில் குழிகளைத் தோண்டி முடிக்கும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதன் பின்னரே தம் திருக்கரத்தால் நட்டார்கள். ஒரு கன்றும் பட்டுப்போகவில்லை. அந்தப் பரக்கத்தான கரம் நடுவதற்கே குழி முன்னதாக ஆயத்தமாக வேண்டியிருந்தது எனில், நாம் ஆயத்தமின்றி விதைத்துவிட்டு ராசியைக் குறை கூறலாமா?

நாம் தோண்ட வேண்டிய குழி எது? தொட்டியின் அடியில் துளைகள் இருக்கட்டும். நீர் தேங்கினால் விதை அழுகிவிடும். வெறும் களிமண்ணை நிரப்பாமல் தோட்ட மண், மட்கிய தொழுவுரம், தென்னை நார்த்தூள் மூன்றையும் ஏறத்தாழச் சம அளவில் கலந்திடுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆழமே போதும். கீரை விதை மிகச் சிறியது. மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் மூடினால் போதும். கொத்தமல்லியை மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து, இரவில் ஊறவைத்து விதைக்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாயைச் சிறு தட்டில் நாற்றாக வளர்த்து, பிறகு ஓரடி ஆழத் தொட்டியில் நட வேண்டும். புதினாவுக்கு விதையே வேண்டாம். சமையலுக்கு வாங்கிய தண்டை ஊன்றினாலே வேர்விடும்.

தண்ணீரிலும் நடுநிலை வேண்டும். விரலால் தொட்டு, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் பூவாளியால் தெளியுங்கள். அதற்கு மேல் ஊற்றுவது வீண்விரயம், விதைக்கும் கேடு.

பொறுமையும் வேண்டும் சகோதரர்களே! வெந்தயம் மூன்று, நான்கு நாள்களில் முளைக்கும். கீரைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கொத்தமல்லிக்கோ 10 முதல் 15 நாள்கள் செல்லும். ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவர், விட்ட முளையையும் முறித்துவிடுகின்றார்.

இத்தனையும் செய்த பிறகும் சில விதைகள் முளைக்காமல் போகலாம். முளைக்கச் செய்பவன் தானே என்பதை ஸூரத்துல் வாகிஆவில் அல்லாஹ் நினைவூட்டுகின்றான். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கட்டாமல் விடுவது தவக்குல் அல்ல. கட்டிய பின் கலங்குவதும் தவக்குல் அல்ல. ஆகவே, எது குறைந்தது என்று பார்த்துத் திருத்திக்கொண்டு மீண்டும் விதையுங்கள். பிள்ளைகளின் கையாலும் விதைக்கச் செய்யுங்கள்.

குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாரைக் கவனிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தொட்டியில் விளைந்த முதல் பிடிக் கீரை, இன்ஷா அல்லாஹ், அண்டை வீட்டுக்குப் போகட்டும். அவர் எந்தச் சமயத்தவராயினும் சரியே.

நம் முயற்சிகளில் பரக்கத்தையும், நம் இல்லங்களில் இனிய சொல்லையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.