எதைச் சமரசம் பேசலாம்?



வேளாண் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் பல நேரம் சமரசமும் பேசவேண்டியிருக்கிறது. வண்டிப்பாதை, கிணற்றில் முறைத்தண்ணீர், கூலி பாக்கி போன்றவற்றை உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். பஞ்சமி நிலம் அப்படியல்ல.

திரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசு வழங்க முடிவெடுத்த நிலம் அது. முதல் 10 ஆண்டுகள் கைமாற்றக்கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். நம்மவரே கைரேகை வைத்திருந்தாலும் அந்த நிபந்தனை அழியாது. நிலத்தைப் பறிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தை லோக் அதாலத்தில் ராசியாக்க முடியாது.

ஆனாலும் ஊரில் ‘அனுசரித்துப் போ’ என்கிறார்கள். நாளைக்கு அதே ஆண்டையின் வயலில் கூலிக்குப் போகவேண்டியவர் எதிரே உட்கார்ந்து எப்படிச் சமமாகப் பேசுவார்? இதைக் கேட்காத சமரசக்காரர் ஆக்கிரமித்தவரின் ஆள்தான்.

பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் தருகிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். வட்டக் குழுவிடமே மனு கொடுக்கலாம். மாணவர்களே, விடுமுறைக்கு ஊர் போகும்போது பழைய அ-பதிவேட்டின் நகலுக்கு மனுப் போடுங்கள். பேச்சுவார்த்தைக்கு நம் மக்கள் அந்த நகலோடு போகட்டும்.