உலகநாதன் திருநாமமும் ஓர் ஆங்கிலச் சொல்லும்



இறைவன் திருநாமம் ஒன்று கடல் கடந்து சென்று, தன் பொருளையே இழந்து நிற்கும் வரலாற்றை இன்று உங்களோடு சிந்திக்க விழைகிறேன்.

ஆங்கிலத்தில் 'ஜகர்நாட்' என்றொரு சொல் வழங்குகிறது. எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிக்கொண்டு செல்லும், தடுத்தற்கரிய பேராற்றல் என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் மிகப் பெரிய சரக்கு லாரியையும் அப்பெயரால் அழைப்பர்.

இச்சொல்லின் பிறப்பிடம் ஒடிசா மாநிலத்துப் பூரித் திருத்தலமாகும். 'ஜகத்' என்றால் உலகம். 'நாதன்' என்றால் தலைவன், காப்பவன். 'ஜகந்நாதன்' என்னும் வடமொழித் திருநாமம் இந்தியில் 'ஜகந்நாத்' என ஒலித்து, ஆங்கிலேயர் நாவில் 'ஜகர்நாட்' ஆயிற்று. அங்குள்ள பெருங்கோயிலை 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கன், சோழர் குலத்து இளவரசியின் புதல்வன் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

காப்பவன் பெயர் நசுக்குவதன் பெயராக மாறியது எங்ஙனம்? 14-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இத்தாலியத் துறவி ஓடோரிக், அடியார் சிலர் தேர்க்காலில் வீழ்ந்து உயிர்விடுவதாக எழுதினார். அவர் குறித்த இடம் பூரியன்று. நம் சோழமண்டலக் கரையே. எனினும் பிற்காலத்தார் அச்செய்தியைப் பூரித் தேரோடு இணைத்தனர். 1806-இல் பூரிக்குச் சென்ற பாதிரியார் கிளாடியஸ் புக்கானன் எழுதிய கடுமையான வருணனை அக்கருத்தை எங்கும் பரப்பியது.

தேர்க்கூட்டத்தில் உயிர்கள் மாய்ந்ததுண்டு. சிலர் தாமே வீழ்ந்ததும் உண்டு. அவற்றை மறைத்தல் அறமன்று. ஆனால் அவை அரியன என்றும், தன்னுயிர் போக்கல் வைணவ நெறிக்கே மாறானது என்றும் ஆராய்ந்து எழுதியவரும் ஒரு பிரித்தானியரே. அவர் 1872-இல் ஒடிசா வரலாற்றை வெளியிட்ட ஹண்டர். உண்மை உரைக்கப்பட்டது, சொல் மட்டும் திரும்பவில்லை.

அன்பர்களே! அத்தேரின் மெய்ப்பொருள் யாது? ஆண்டுதோறும் புது மரத்தால் சமைக்கப்படும் அது, 16 சக்கரங்களுடன் ஏறத்தாழ 45 அடி உயர்ந்து நிற்கும். அரசமரபினரான கஜபதி, பொற்பிடியிட்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்குவார். கோயிலுள் புக இயலாதோரும் கண்ணாரக் காணுமாறு எம்பெருமான் வீதிக்கு எழுந்தருளுவான். மன்னனைத் தொண்டனாக்கி, எளியோரை நாடி வரும் தேர் அது.

தடுக்கவொண்ணாது ஓடுவது என்று அயலார் அதற்குப் பொருள் கொண்டனர். பல்லாயிரம் கைகள் வடம் பற்றினாலன்றி அஃது ஓரடியும் நகராது என்பதை வடம் பற்றியவர் அறிவர். கோயில் திருப்பணியும் அத்தகையதே. பொன் ஈந்த கையும் கல் சுமந்த கையும் ஒரே வடத்தைப் பற்றியவையே.

திருநாமத்தின் பொருளை அகராதியில் தேட வேண்டா. நம் ஒழுக்கத்தில் பிறர் காணச் செய்வோம். உலகநாதன் அருள் அனைவர்க்கும் உரியதாகுக!